காப்பிக்குப் பிறகு தண்ணீர்

அந்த அம்மாள் காப்பியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு பக்கத்திலிருந்த தண்ணீர்த் தம்ளரை எடுத்து மடக் மடக்கென்று காலி பண்ணினாள்.

காப்பி எந்திரத்துக்கு முன்னால் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த அனியெல்லோ துணியைக் கீழே வைத்துவிட்டான்.

நேப்பிள்ஸில் தண்ணீர் முதலில் வரும். வாயைக் கொப்பளித்தாற்போல் ஒரு மிடறு குடித்துவிட்டு, சுத்தமான நாக்கோடு காப்பிக்கு வர வேண்டும். காப்பி உள்ளே போனபிறகு அதன் ருசி மத்தியானம்வரை வாயிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். காப்பிக்குப் பிறகு ஒருத்தர் தண்ணீர் குடித்தால், "நீ கொடுத்தது சகிக்கலை, வாயைக் கழுவிக்கிறேன்" என்று கடைக்காரன் மூஞ்சிக்கு நேரே சொன்னதாக அர்த்தம். அம்மா அப்பாவை இழுத்துத் திட்டினால்கூட மறுநாள் ஆறிப்போகும். இது ஆறாது.

அதிலும் தோன்னா தித்தீனாவின் காப்பிக்கடையில் அதற்கென்று ஒரு சட்டமே இருந்தது. ஒரே நாளில் மூன்று பேர் காப்பிக்குப் பிறகு தண்ணீர் குடித்தால், எந்திரத்துக்கு முன்னால் நிற்பவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அனியெல்லோவுக்கு முந்தி அங்கே நின்றவன் அப்படித்தான் போனான். மூன்றாவது தம்ளர் காலியாகி மேடையில் உட்கார்ந்ததும், கல்லாவில் இருந்த தோன்னா தித்தீனா குரலைக்கூட உயர்த்தவில்லை. "ஏப்ரனை அவுத்து வை" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்குத் தட்டு கழுவிக்கொண்டிருந்த அனியெல்லோ அந்த ஏப்ரனைச் சூடு ஆறுவதற்குள் வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். இப்போது தலை நரைத்துவிட்டது. ஏப்ரன்தான் மாறி மாறி வந்ததே தவிர, எந்திரத்துக்கு முன்னால் வேறு ஆள் வரவில்லை.

ஆனால் ஜனவரியில் வந்த காய்ச்சல் அவன் மூக்கைக் கொன்றுவிட்டுப் போயிருந்தது. மூக்கோடு நாக்கும் போயிற்று. காப்பியைக் குடித்தால் வெந்நீர் குடித்தாற்போல் இருந்தது. கசப்பு ஒன்று மட்டும் எங்கோ தொலைவில் கேட்டது, அது நல்ல கசப்பா கருகின கசப்பா என்று சொல்லத் தெரியவில்லை. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அப்படிச் சொல்வதற்கு ஒரு டாக்டர் வேண்டுமா, தெருவில் போகிறவனே சொல்லிவிட மாட்டானா! அனியெல்லோ வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னான். மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

பிறகு எப்படி வேலையை ஓட்டினான் என்று கேட்டால், தம்ளரை வைத்துத்தான் ஓட்டினான். காலையில் காப்பிப்பொடி அரைக்கும் எந்திரத்தைக் கண்ணால் பார்த்து முடுக்குவான். எந்திரத்தின் நெம்புகோலை இறக்கி, காப்பி எலிவால் பருமனில் ஒழுகுகிறதா என்று பார்ப்பான். அதற்கப்புறம் நாக்கு செய்ய வேண்டிய வேலை. நாக்குதான் இல்லையே! ஆகவே வாடிக்கையாளர்களின் தம்ளர்களையே பார்த்துக்கொண்டிருப்பான். காப்பி குடித்தவர் தண்ணீரைத் தொடாமல் போனால் காப்பி சரி. ஆறு மாதமாக ஒருத்தர்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு நாளும் கதவை இழுத்துச் சாத்தும்போது, "அப்பாடா, இன்னிக்கும் பிழைச்சோம்" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வான்.

இன்றைக்கு இந்த அம்மாள் வந்து சேர்ந்தாள்.

சின்னச் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து, "ஒரு கறுப்பு குடுங்க" என்றாள்.

எதிர்க்கடை நாவிதன் கதெல்லோ அப்போது மேடையில் சாய்ந்துகொண்டு நின்றான். அனியெல்லோவோடு ஒரே சந்தில் அரை டிராயர் போட்டுத் திரிந்தவன். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவன்.

"கறுப்பா? துக்க வீட்டுக்கா போறீங்க?" என்றான்.

"எங்க ஊர்ல காப்பிக்கு அதுதாங்க பேரு. நான் திரியெஸ்தே. பேரு நீவெஸ்."

"திரியெஸ்தேயா! அடேயப்பா, அதுக்கு மேல போனா வேற நாடு வந்துருமே. அங்கல்லாம் காப்பி இருக்கா?"

"கப்பல்ல மூட்டை மூட்டையா எங்க ஊர்லதானே வந்து இறங்குது. நாங்க பார்த்து அனுப்பினாத்தான் உங்களுக்கு."

கல்லாவிலிருந்து தோன்னா தித்தீனாவே சிரித்துவிட்டாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா கதெல்லோ. நல்லா வாங்கிக்கிட்டியா?"

நீவெஸ் அம்மாள் தன் கதையைச் சொன்னாள். புருஷன் உயிரோடு இருந்தவரை இருவரும் போக வேண்டும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். அவர் போன பிறகு, இனி யாருக்காகக் காத்திருப்பது என்று தனியாகவே ரயிலேறிவிட்டாள். ஊர் ஊராக இறங்கிக் காப்பி குடிப்பது ஒன்றே வேலை. "தூரின்ல சாக்லெட் ஊத்திக் குடுத்தாங்க. பாதுவால புதினா போட்டுக் குடுத்தாங்க. ரோமாபுரியில நிக்கக்கூட இடமில்ல. கடைசியா உங்க ஊருன்னு வச்சுக்கிட்டேன். கடைசின்னா சும்மா இல்ல, நல்லதைக் கடைசியில சாப்பிடுவோம்ல, அப்படி."

இதைக் கேட்டதும் அனியெல்லோ அவளுக்கான கோப்பையை இன்னொரு தடவை துடைத்தான். அன்றைக்கு ஆப்பிரிக்காப் பக்கமிருந்து ஈரக்காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. ஈரத்தில் காப்பிப்பொடி உப்பி, தண்ணீரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையிலேயே அரவையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கரகரப்பாக வைத்திருந்தான். காப்பி அழகாகத்தான் இறங்கியது. தண்ணீரை முதலில் வைத்து, பிறகு கோப்பையை வைத்தான்.

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரம் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் அந்தத் தண்ணீர்.

"பெட்டி இங்கேயே இருக்கட்டுங்களா? சந்தையைச் சுத்திப் பார்த்துட்டு வரேன். இன்னொரு காப்பி உங்க கையால குடிச்சுப் பார்த்துட்டுத்தான் ரயிலேறுவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

குடிச்சுப் பார்த்துட்டு! அனியெல்லோவின் காதில் அந்த ஒன்று மட்டும்தான் விழுந்தது. போனால் போகிறது, இன்னொரு தடவை தருகிறேன், அதையாவது ஒழுங்காகப் போடு என்று ஒரு பெண்பிள்ளை சொல்லிவிட்டுப் போகிறாள்! கப்பல் காப்பியில் வளர்ந்த நாக்கு. அது பொய் சொல்லுமா?

கல்லாவைத் திரும்பிப் பார்த்தான். தோன்னா தித்தீனா செய்தித்தாளில் மூழ்கியிருந்தாள். பார்த்தாளா, பார்க்கவில்லையா? காலித் தம்ளரைச் சட்டென்று எடுத்துக் கழுவுதொட்டியில் போட்டான். ஒன்று ஆகிவிட்டது. இன்னும் இரண்டு வந்தால் முடிந்தது கதை.

அரவை எந்திரத்தின் முன் நின்று யோசித்தான். எங்கே தப்பு? கரகரப்பு கூடிப்போய், காப்பி நீர்த்துவிட்டதோ? கண் சரி என்றது. ஆனால் ஆறு மாதமாகக் கண்ணை நம்பி என்ன வாழ்ந்தது, ஊர் பேர் தெரியாதவள் வந்து வாயைக் கழுவிவிட்டுப் போகிறாளே! அரவைச் சக்கரத்தை இரண்டு பல் நைசாக முடுக்கினான். நெம்புகோலை இறக்கினான். காப்பி சொட்டுச் சொட்டாக, தார் மாதிரி வந்தது. கண் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது. குடித்துப் பார்த்தான். வெந்நீர். எங்கோ தொலைவில் கசப்பு. நல்லதா கெட்டதா?

சவரத்துக்கு ஆளை உட்கார்த்தி வைத்துவிட்டுக் கதெல்லோ வழக்கம்போல் இரண்டாவது காப்பிக்கு ஓடி வந்தான். கூடவே மீன்காரி நுன்சியாவும் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி நுழைந்தாள். இருவருக்கும் தண்ணீர் வைத்தான். காப்பி வைத்தான். வைத்துவிட்டு, கோப்பைகளைத் துடைப்பதுபோல் தம்ளர்களையே பார்த்தான்.

கதெல்லோ ஒரே வாயில் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது.

"எப்படிடா இருக்கு?"

"தேன்டா" என்றான் கதெல்லோ.

"நெசமாவா?"

"இதுக்கெல்லாம் பொய் சொல்வாங்களா? கேளேன் இவளை."

"யேசுவே, சொர்க்கம்!" என்றாள் நுன்சியா. "செத்தவன் வாயில ஊத்தினா எந்திரிச்சு உக்காந்துருவான்."

இரண்டு தம்ளரும் அப்படியே நின்றன. அனியெல்லோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பார்த்தாயா, அரவைதான் கோளாறு, பிடித்துவிட்டோம்! தோன்னா தித்தீனாவுக்கும் ஒரு கோப்பை கல்லாவுக்கே கொண்டுபோய் வைத்தான். அவள் குடித்தாள். இழுப்பறையைத் திறந்து எலுமிச்சை மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இப்போதெல்லாம் அவளுக்கு அது வழக்கமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நீவெஸ் அம்மாள் திரும்பி வந்தாள். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம், முகம் நிறைய வெயில்.

"வந்துட்டேங்க. அதே காப்பி."

அதே காப்பியா, அதைவிட நல்ல காப்பி தருகிறேன் பார் என்று அனியெல்லோ நெம்புகோலை இறக்கினான். கோப்பையை அவள் முன் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். அம்மாள் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னங்க ஆச்சு?" என்றாள். "இது கருகிப்போச்சுங்களே."

நுன்சியா கதெல்லோவைப் பார்த்தாள்.

"கருகிச்சா? எது கருகிச்சு?" கதெல்லோ மேடையைத் தட்டினான். "இந்தம்மாவுக்கு நாக்குல என்ன கோளாறோ தெரியல. இப்பத்தான் நாங்க குடிச்சோம், தேன் மாதிரி இருக்கு!"

"வடக்கத்தி ஆளுங்களுக்குக் கசாயம் குடிச்சே பழக்கம்" என்று நுன்சியா எடுத்துக் கொடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. நான் குறை சொல்றதுக்கு வரலை." அம்மாள் அனியெல்லோவைப் பார்த்துச் சொன்னாள். "காலையில நீங்க குடுத்தீங்களே, அந்த மாதிரி ஒரு காப்பியை நான் என் ஆயுசுல குடிச்சதில்ல. எங்க வீட்டுக்காரரை நினைச்சு அழுகையே வந்துருச்சு. அதே கையால போட்ட காப்பியா இதுன்னுதான் கேக்குறேன்."

"நல்லா இருந்துச்சுன்னா..." அனியெல்லோ மேடையின் மேல் குனிந்தான். "நல்லா இருந்துச்சுன்னா அப்புறம் ஏம்மா தண்ணி குடிச்சீங்க?"

"தண்ணியா? எங்க ஊர்ல காப்பி குடிச்சுட்டுத்தாங்க தண்ணி குடிப்போம். தாகமா வேற இருந்துச்சு." அவள் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "தப்புங்களா?"

கதெல்லோ சட்டென்று அவள் கோப்பையைப் பிடுங்கி, மீதியிருந்ததை வாயில் கவிழ்த்துக்கொண்டான். "நான் சொல்றேன், இது அருமையான காப்பி. இந்த ஊரு காப்பி. தெரியாதவங்க பேசப்படாது. டேய் அனியெல்லோ, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. எனக்கு அங்க ஒருத்தன் சோப்பு நுரையோட உக்காந்திருக்கான்." சொல்லிக்கொண்டே வெளியே ஓடினான். நுன்சியாவும், "ஐயோ என் மீனு" என்று பின்னாலேயே ஓடினாள்.

அனியெல்லோ எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகை வந்தால் யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான் திரும்பினான். எதிரே பாட்டில் அடுக்குக்குப் பின்னால் நீளக் கண்ணாடி. அதில் வாசலும் தெருவும் தெரிந்தன. தெருமுனையில் எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும் குழாயும் தெரிந்தது.

குழாயடியில் கதெல்லோ குனிந்து நின்றான். வாய் நிறையப் பிடித்துக் கொப்பளித்துத் துப்பினான். மறுபடியும் பிடித்தான். மறுபடியும் துப்பினான். நுன்சியா அவன் முதுகில் ஒரு அடி வைத்து, "போதும் நகரு" என்று தள்ளிவிட்டுத் தன் வாயை நீட்டினாள்.

இந்த வருஷம் குழாயடியில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று அனியெல்லோ பல நாள் யோசித்திருக்கிறான். பாதிரியார் நிற்பார், மருந்துக்கடைக்காரர் நிற்பார், டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற கிழவர் நிற்பார். வெயில் சீக்கிரமே வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். மடையன்! எல்லாரும் இங்கிருந்து போனவர்கள்தான். இங்கே தம்ளரைத் தொடாமல் சிரித்துவிட்டு, அங்கே போய் வாயைக் கழுவியவர்கள்.

எலுமிச்சை மிட்டாயும் இப்போது புரிந்தது.

"தோன்னா தித்தீனா" என்றான், திரும்பாமலே. "எனக்கு மூக்கு செத்துப்போச்சு. நாக்கும் செத்துப்போச்சு."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"சூசையப்பர் திருநாளன்னிக்குப் பால் திரிஞ்சு நாத்தம் எடுத்துச்சு. நீ எங்க எல்லார் முன்னாடியும் அதை மோந்து பார்த்துட்டு, தலையை ஆட்டிக்கிட்டே காப்பியில ஊத்தினே. கதெல்லோதான் முதல்ல குடிச்சான். குடிச்சுட்டு எங்களைப் பார்த்து ஒரு முறை முறைச்சான் பாரு. அதுக்கப்புறம் யாரு வாயைத் திறப்பாங்க?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

அனியெல்லோவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! மூக்கு போனபோதுகூட அவ்வளவு வரவில்லை. வாசலுக்குப் போய்த் தெரு அதிரக் கத்தினான்.

"கதெல்லோ! உள்ள வாடா! அந்தக் கிழிசல் வாயைத் துடைச்சுக்கிட்டு உள்ள வா! நுன்சியா, நீயும்தான்!"

இருவரும் திருட்டு முழி முழித்துக்கொண்டு வந்தார்கள். நீவெஸ் அம்மாள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். தன்னால்தான் ஏதோ வந்தது என்று மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது.

"இத்தனை மாசமா என்னை வச்சு விளையாடியிருக்கீங்க."

"விளையாட்டா?" கதெல்லோ ஓரடி முன்னால் வந்தான். "நாங்க தண்ணி குடிச்சா உன்னை இவங்க அனுப்பிருவாங்கன்னுதானேடா... எந்திரம் இல்லேன்னா நீ எங்கடா போவே?"

"எங்கேயோ போறேன். நான் ஒவ்வொரு ராத்திரியும் உங்க தம்ளரை நினைச்சுத்தான்டா தூங்கினேன்! நம்ம கை இன்னும் போகலைன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கினேன்!" அவன் நெம்புகோலைப் பிடித்து இழுத்தான். அதே கருகல் காப்பி, மூன்று கோப்பை. மூன்று தம்ளர் தண்ணீர். வரிசையாக வைத்தான். "குடிங்க. இன்னிக்கு என் கண்ணு முன்னாடி குடிங்க. நல்லா இருந்தா விட்டுருங்க. கேவலமா இருந்தா, தண்ணியை இங்கயே குடிங்க."

"வேணாம்டா."

"நீ எனக்குச் சிநேகிதன்னா குடி."

கதெல்லோ குடித்தான். கோப்பையை வைத்தான். கை தம்ளருக்குப் பக்கத்தில் போய் நின்றது. சின்ன வயதிலிருந்து ஒருத்தன் முன்னாலும் அழாதவன், கண்ணிலிருந்து நீர் ஒழுக ஒழுக அந்தத் தண்ணீரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். நுன்சியா தலையைக் குனிந்துகொண்டு குடித்தாள், காப்பியையும் தண்ணீரையும். அனியெல்லோவுக்கு இரண்டு கன்னத்திலும் அறை வாங்கினாற்போல் இருந்தது.

மூன்றாவது கோப்பை தனியாக நின்றது.

தோன்னா தித்தீனா கல்லாவை விட்டு இறங்கி வந்தாள். வாயிலிருந்த மிட்டாயைத் தாளில் துப்பிவிட்டுக் காப்பியைக் குடித்தாள். முகத்தைச் சுளிப்பதை மறைக்கவில்லை. தம்ளரை எடுத்தாள், குடித்தாள், வைத்தாள்.

திரியெஸ்தே அம்மாளின் தாகத்தைக் கழித்துவிட்டால், இது மூன்றாவது தம்ளர்.

அனியெல்லோவின் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஏப்ரன் முடிச்சைத் தேடியது. முடிச்சு இறுகியிருந்தது, அவிழவில்லை.

"கையை அங்கேருந்து எடு" என்றாள் தோன்னா தித்தீனா. "சட்டம் போட்டது நானு. இதைக் குடிக்க முடியல. வேற போடு."

"எப்படிப் போட? எனக்கு என்ன தெரியுது?"

"குடிக்கிற நாங்க இருக்கோம்ல. நல்லாயில்லேன்னா இனிமே இங்கயே தண்ணி குடிக்கிறோம். நீ மறுபடி போடு. அதுவும் நல்லாயில்லேன்னா மறுபடி போடு."

சுவரோரத்திலிருந்து நீவெஸ் அம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "காலையில எப்படி வச்சிருந்தீங்களோ, அப்படியே வச்சுப் போடுங்களேன். அது பொய்யில்லைங்க. அன்னியாளு நான், உங்களுக்காக நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?"

அனியெல்லோ அரவையை இரண்டு பல் பின்னால் தள்ளினான். கை வேலை செய்தது, மனசு செய்யவில்லை. காப்பி எலிவால் பருமனில் இறங்கியது. கண் சரி என்றது. கோப்பையைக் கதெல்லோவின் முன் நகர்த்தினான். புதுத் தம்ளரில் தண்ணீர் வைத்தான்.

கதெல்லோ குடித்தான். கோப்பையை வைத்தான். தம்ளரைத் தொடவில்லை. தேன் என்று சொல்லவில்லை, சொர்க்கம் என்று சொல்லவில்லை. மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றான்.

அனியெல்லோ தம்ளரைப் பார்த்தான். ஆறு மாதமாகப் பார்த்த அதே நிறைந்த தம்ளர்தான். நம்புவதா? அவன் கண் தன்னையறியாமல் கண்ணாடிக்குப் போயிற்று, அங்கிருந்து தெருமுனைக் குழாய்க்குப் போயிற்று. இப்போது இவன் கிளம்புவான். நுரைபோட்ட ஆள் காத்திருக்கிறான் என்பான். ஓடுவான்.

எதிர்க்கடை வாசலுக்கு அந்த ஆளே வந்துவிட்டான். பாதி முகத்தில் சோப்பு நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கழுத்தில் துண்டு.

"கதெல்லோ! யோவ்! ஒரு பக்கம் சிரைச்சுட்டு ஓடிட்டியே! நான் என்ன இப்படியே வீட்டுக்குப் போகட்டுமா?"

"போயேன்" என்று கதெல்லோ திரும்பிப் பார்க்காமல் கத்தினான். "எனக்கு இங்க வேலை இருக்கு."

நீவெஸ் அம்மாள் அதே அரவையில் தனக்குப் போட்ட காப்பியைக் குடித்து, தண்ணீரை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு ரயிலுக்குப் போனாள். நுன்சியா மீனுக்குப் போனாள். கதெல்லோ மட்டும் போகவில்லை. வெயில் ஏறி மேடையின் பளிங்கு சூடாகும்வரை, நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நிறைந்த தம்ளருக்குப் பக்கத்தில், அனியெல்லோவின் கண்ணெதிரிலேயே நின்றுகொண்டிருந்தான்.